மிகிந்தலை மலையும் ஆராதனைக் கல்லும்: இராமநாதபுரக் கரையிலிருந்து செல்வோருக்கு

தேவிபட்டினத்திலிருந்து மூத்த பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இலங்கை செல்லவிருக்கும் நீங்கள், மிகிந்தலை மலையின் உச்சியிலுள்ள ஆராதனைக் கல்லில் ஏறி நின்று பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியுமா, சைவக் குடும்பத்தினர் ஒரு பௌத்தத் தலத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டமில்லாத நாளில் கல்லில் ஏறி இறங்க அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணிக்காக மட்டும் மிகிந்தலைக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். மலையடிவாரத்தில் பழைய மருத்துவமனையின் இடிபாடுகளில் தொடங்கி, குவிமாட வடிவப் பௌத்தத் தூபிகள், உணவுக்கூடம், குளங்கள், குகைகள் என்று அடுக்கடுக்காக ஏறும் ஒரு துறவியர் ஊர் அங்கே இருக்கிறது. ஆராதனைக் கல் அதன் முடிவில் வருகிறது. சுற்றுலா வண்டிகள் நேரே மேல் வாகன நிறுத்தத்துக்கு ஏறிவிடுவதால், வருகிறவர்களில் பலர் அந்த ஊரின் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். ஆகவே ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

முதலில் பயணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1914இல் தொடங்கிய போட் மெயில் காலத்தில் சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறி, மதவாச்சி, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு சேர்ந்துவிடுவார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. இன்று நம் கரையிலிருந்து மன்னாருக்கு நேர்வழி கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல் வழியாக நாகப்பட்டினம் சென்று அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்தப்படுவதுண்டு என்பதை மனத்தில் வையுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் செல்வது மற்றொரு வழி. காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் ஏ-9 சாலை வவுனியா, மதவாச்சி கடந்து மிகிந்தலையைத் தொட்டே செல்கிறது. பெற்றோரின் உடல்நிலையைப் பார்த்தால் அனுராதபுரத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் கிழக்கே 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிகிந்தலைக்குப் புறப்படுவதே நல்லது. விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் வாரத்தில் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையின் கதையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே காண்பதெல்லாம் வெறும் கல்லாகத் தெரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஆனி மாதத்தை ஒட்டிவரும் பொசன் முழுநிலா நாளில், அனுராதபுரத்தை ஆண்ட தேவநம்பிய தீசன் இந்த மலையில் மான் வேட்டைக்கு வந்திருந்தபோது, அசோகப் பேரரசரின் மகனும் பௌத்தத் துறவியுமான மகிந்த தேரர் தன் தோழர்களுடன் அவன் முன்னே தோன்றி, "தீசா" என்று பெயர் சொல்லி அழைத்தார் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. அரசனைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிவு யாருக்கு இருக்கும் என்று திகைத்து நின்றவனிடம் மகிந்தர் உடனே அறம் போதிக்கவில்லை. அருகில் நின்ற மரத்தைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டார். மாமரம் என்றான். இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா? நிறைய உண்டு. மாமரம் அல்லாத மரங்கள் உண்டா? அவையும் நிறைய உண்டு. அந்த மாமரங்களையும் மாமரம் அல்லாதவற்றையும் தவிர வேறு மரம் ஏதேனும் உண்டா? "இதோ, இந்த மாமரம் இருக்கிறதே" என்றான் அரசன். பிறகு உறவினரைப் பற்றியும் உறவல்லாதாரைப் பற்றியும் அதே போக்கில் கேட்டபோது, இரண்டிலும் சேராத ஒருவன் "நானே" என்று விடை வந்தது. அரசன் பாடம் கேட்கத் தகுந்த அறிவுடையவன் என்று தெரிந்துகொண்ட பிறகே மகிந்தர் போதிக்கத் தொடங்கினார். ஒரு பேரரசரின் மகன் ஒரு மன்னனுக்கு வைத்த நுழைவுத் தேர்வு இது. பிள்ளைகளிடம் விடையைச் சொல்லாமல் கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மகிந்தர் வான்வழியே வந்தார் என்பது மகாவம்சத்தின் கூற்று. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், மலகூடம் என்று அவர் குறிப்பிடும் பாண்டிய நாட்டுப் பகுதியில், அசோகரின் தம்பி மகேந்திரர் எழுப்பிய பழைய விகாரம் (பௌத்த மடம்) ஒன்றின் இடிபாடுகள் இருந்ததாகக் குறித்திருக்கிறார். மகனா தம்பியா என்பதில் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. என்றாலும், அவர் தமிழ்நாட்டு வழியாகவே கடல் கடந்திருக்கக்கூடும் என்று அறிஞர்கள் சிலர் கருதுவதற்கு இந்தக் குறிப்பும் ஒரு காரணம். நம் கரையிலிருந்து செல்கிறவர்களுக்கு இது சுவையான செய்தி. இதற்குமேல் இதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இனி ஏறும் ஒழுங்கு. அடிவாரத்தில் வண்டியை விட்டிறங்கியதும் மருத்துவமனையின் இடிபாடுகளைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் என்ற அரசன் காலத்தில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இக்கட்டடத்தில், ஒரு முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகள் அமைந்திருக்கின்றன. அங்கே ஒரே கல்லில் குடையப்பட்ட தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் உட்புறம் படுத்திருக்கும் மனித உடலின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்கப்பட்டுள்ளது. நோயாளியை அதில் கிடத்தி மூலிகைச் சாற்றிலோ எண்ணெயிலோ ஊறவைத்துச் சிகிச்சை அளித்தார்கள். வர்ம வைத்தியமும் எண்ணெய்க் கட்டும் இன்னும் வழக்கில் இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அடுத்து வருவன புகழ்பெற்ற படிகள். மொத்தம் 1840 என்பது வழக்கமான கணக்கு. எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டாம். படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை, இடையிடையே பரந்த தளங்கள் உண்டு. இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் நிழல் தருகின்றன. அதே சமயம், மண்டபம் முதல் தொண்டி வரை மணலிலும் சமதரையிலும் நடந்து பழகிய கால்கள் நம்முடையவை. இராமேஸ்வரத் தீவின் உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். ஆகவே நடையில் தேர்ந்தவர்கள்கூட ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் வியப்பில்லை. ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து ஏறுங்கள்.

முதல் தளத்தில் வலப்பக்கம் பிரியும் படிகளைத் தவறவிடாதீர்கள். அவை கண்டக சேத்தியத்துக்கு இட்டுச் செல்கின்றன. இலங்கையின் மிகப் பழைய தூபிகளில் ஒன்றான இதன் சுற்றளவு ஏறத்தாழ 130 மீட்டர். மேற்பகுதி சிதைந்து, இன்று 12 மீட்டர் அளவுக்கே எஞ்சியிருக்கிறது. நான்கு திசைகளிலும் வாகல்கட எனப்படும் சிற்ப முகப்புகள் நிற்கின்றன. அவற்றில் யானை வரிசை, அன்ன வரிசை, குள்ளமான பூதகணங்கள் என்று பொறுமையாகப் பார்க்க நிறைய உண்டு. அந்தப் பூதகணங்களிடையே யானைமுகம் கொண்ட ஒன்று இருக்கிறது; இலங்கையின் மிகப் பழைய பிள்ளையார் வடிவம் இதுவாக இருக்கலாம் என்போரும் உண்டு. நாகப்பட்டினம் செல்லும் வழியில் உப்பூர் வெயிலுகந்த பிள்ளையாரை வணங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு அதைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி மகிழ்ச்சி. என் கணிப்பில் மலை முழுவதிலும் சிற்ப அழகுக்கு முதலிடம் இந்த இடத்துக்கே. ஆனால் கூட்டம் இதைத் தாண்டியே போகிறது.

கண்டக சேத்தியத்தைச் சுற்றிய பாறைகளில் குகைகள் பல இருக்கின்றன. தேவநம்பிய தீசன் துறவியருக்காக 68 குகைகளை அமைக்கத் தொடங்கினான் என்பது மகாவம்சச் செய்தி. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை விளிம்பில் வெட்டிய காடியும், அதன் கீழே பிராமி எழுத்துகளில் கொடையாளர் பெயரும் சிலவற்றில் தெரியும். மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி: ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில், வேறொரு சமயத் துறவியருக்கு, அதே வகை எழுத்தில், அதே வகைக் கொடை.

மேலே ஏறினால் உணவுக்கூடம். இங்கே இரண்டு நீண்ட கல்தொட்டிகள் இருக்கின்றன; ஒன்று சோற்றுக்கு, மற்றொன்று கஞ்சிக்கு என்பார்கள். ஆனால் அவற்றைவிட, அருகில் நிற்கும் இரண்டு பெரிய கல்வெட்டுப் பலகைகளே நேரம் செலவழிக்கத் தக்கவை. நான்காம் மகிந்தன் என்ற அரசன், 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், இந்த மடாலயத்துக்கு விதித்த நிர்வாக விதிகள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. துறவிகள் விடியலில் எழுந்து செய்ய வேண்டியவை, ஊழியர்களுக்குரிய நிலமும் நெல்லும், வரவு செலவைப் பதிவதும் சரிபார்ப்பதும் என்று எல்லாம் முறைப்படுத்தப்பட்டுள்ளன. சோழர் காலக் கோவில் கல்வெட்டுகளில் விளக்குக்கு இவ்வளவு நெய், பூப்பறிப்பவனுக்கு இவ்வளவு நெல் என்று படித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புத்தி உடனே புரியும். இந்தப் பலகைகள் வெட்டப்பட்டுச் சில பத்தாண்டுகளே கழிந்த நிலையில், இராசராச சோழனின் படையெடுப்பால் அனுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நேர்மையாகும்.

அதற்கு மேலே அம்பஸ்தல தளம். மகிந்தரும் அரசனும் சந்தித்த மாமரம் நின்றதாகக் கருதப்படும் இடத்தில் ஒரு சிறு வெண்தூபி, சுற்றிலும் கல் தூண்களுடன் நிற்கிறது. இத்தளத்துக்கு வரும்போது வெளிநாட்டினர் நுழைவுக் கட்டணம் செலுத்தவும், எல்லோரும் காலணியையும் தொப்பியையும் கழற்றவும் வேண்டும். இங்கிருந்து ஒருபுறம் மகாசேயா என்ற பெருந்தூபியும் மற்றொருபுறம் ஆராதனைக் கல்லும் இருக்கின்றன. மகாசேயாவைக் கட்டியவன் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் அரசன் மகாதாடிக மகாநாகன். அத்தூபியின் விழாவுக்கு வந்த மக்கள் கழுவிய காலில் புழுதி படாமல் நடக்கும்படி, அனுராதபுரத்தின் ஆற்றங்கரையிலிருந்து இந்த மலை வரை அவன் விரிப்பு விரித்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. அந்த ஆறுதான் மல்வத்து ஓயா. மன்னார்ப் பகுதியில் அருவி ஆறு என்ற பெயருடன் நம் மன்னார் வளைகுடாவிலேயே வந்து கலக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட ஆராதனைக் கல். மகிந்தருடன் வந்த இளந்துறவி சுமணர், அறவுரை கேட்க வருமாறு தேவர்களை இங்கிருந்து அழைத்தார் என்பது நம்பிக்கை. பெரும்பாறை ஒன்றின் மேல் வெட்டிய படிகள், பக்கத்தில் இரும்புக் கம்பிப் பிடி. படிகள் சீரற்றவை, சில இடங்களில் ஒருவர் இறங்கினால்தான் மற்றவர் ஏற முடியும். காலணி இல்லாமல் ஏற வேண்டும் என்பதால் முற்பகல் பத்து மணிக்குப் பிறகு பாறை சுடத் தொடங்கிவிடும். மழை பெய்தால் வழுக்கும். உச்சியில் கம்பி வேலி இருக்கிறது; ஆனால் காற்று பலமாக வீசும். ஆனி, ஆடி மாதங்களில் நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று, அனுராதபுரச் சமவெளியைக் கடந்து இந்தப் பாறையில் நேரே மோதுகிறது. சேலையும் வேட்டியும் கட்டியவர்கள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் துணியையும் பிடித்தபடியே நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்து முன்னால் ஏறவிட்டு, நீங்கள் பின்னால் ஏறுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறக் கூடாது. கீழே அமர்ந்திருப்பதால் எதையும் இழந்துவிட மாட்டார்கள், ஏனெனில் மகாசேயாவின் மேடையிலிருந்தும் பரந்த காட்சி உண்டு, அதற்கு அகலமான படிகளும் உண்டு.

காலையா மாலையா என்று கேட்பவர்களுக்கு என் விடை காலை. அனுராதபுரம் இம்மலைக்கு மேற்கே இருப்பதால், காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் நின்று எதிரேயுள்ள தூபிகளின் மேல் ஒளி பாய்ச்சுகிறது. வெண்மையான ருவன்வெலிசாயவையும், செங்கல் நிறத்தில் நிற்கும் ஜேதவனாராமத்தையும் தனித்தனியே அடையாளம் காணலாம். ஜேதவனாராமம் முதலில் 120 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்த கட்டடம். இன்று 70 மீட்டர் அளவில் நிற்கிறது. மாலையில் சூரியன் அவற்றின் பின்னே இறங்குவதால் நிழலுருவங்கள் அழகாக இருக்கும், படமெடுப்பவர்கள் அதையே விரும்புவார்கள்; ஆனால் எது எந்தத் தூபி என்று சொல்ல முடியாது, இருட்டுவதற்குள் இறங்க வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

தூபிகளைப் பார்த்து முடித்ததும் உடனே இறங்கிவிடாமல், அவற்றுக்கு இடையே கிடக்கும் நிலத்தைப் பாருங்கள். பச்சைக் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே நீர் மின்னும் இடங்கள் எல்லாம் மனிதர் வெட்டிய குளங்கள். வேற்று நாட்டுப் பயணிகள் அவற்றை ஏரிகள் என்று எண்ணிக்கொள்வார்கள், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயின் கரையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த நேரான கரைக்கோடே சொல்லிவிடும். அந்தச் சமவெளிக்கும் நம் மாவட்டத்துக்கும் முதன்மையாக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆண்டின் பெரும்பகுதி வறட்சி, சில மாதங்களில் கொட்டும் மழை. அந்த மழையைப் பிடித்து, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழியும்படி தொடர் அமைத்ததில் இரு கரையினரும் ஒரே அறிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இத்தனை பெரிய தூபிகளையும் ஆயிரக்கணக்கான துறவிகளையும் தாங்கிய செல்வம் அந்தக் குளங்களுக்குக் கீழே விளைந்த நெல்லிலிருந்தே வந்தது. இந்தப் பாறையின் உச்சியிலிருந்து காண வேண்டியவற்றுள் தலையாயது இதுவே என்பது என் கருத்து, அதிலும் தை, மாசி மாதங்களில் குளங்கள் நிறைந்திருக்கும்போது.

உங்கள் பெற்றோருக்கு நான் சொல்லும் வழி இது. நீங்களும் பிள்ளைகளும் அடிவாரத்தில் இறங்கிப் படியேறுங்கள். பெற்றோரை அதே வண்டியில், சற்று நேரம் கழித்து, மேல் வாகன நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். அது உணவுக்கூடத்தின் அருகிலேயே இருப்பதால் அங்கே சந்தித்து, மீதிப் படிகளைச் சேர்ந்து ஏறலாம். அம்பஸ்தலம் வரை மெதுவாக வந்துவிட்டால் போதும். நிழலும் உட்காரும் இடமும் அங்கே உண்டு. வெறுங்காலில் சூடு தாங்காதவர்கள் காலுறை அணிந்துகொள்ளலாம், அதற்குத் தடையில்லை. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் இராமேஸ்வரத்துக் குரங்குகளைவிடப் பொறுமை குறைந்தவை.

வழிபாட்டு முறையில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை, இயன்றால் வெள்ளை. திருநீறும் குங்குமமும் அணிந்து செல்வதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பல விகாரங்களில் விஷ்ணுவுக்கும் கதிர்காமக் கந்தனுக்கும் தனிச் சன்னிதிகளே உண்டு. ஆனால் தூபியின் முன் தேங்காய் உடைப்பதும் கற்பூரம் காட்டுவதும் அங்கே வழக்கமில்லை. பூவை வைத்து, விளக்கேற்றி, வலமாகச் சுற்றி வந்தால் போதும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளாதீர்கள்; அங்கே இது மிகுந்த அவமதிப்பாகக் கருதப்படுகிறது, காவல்துறை வரை போன நிகழ்வுகளும் உண்டு. துறவிகளைக் கைகூப்பி வணங்குங்கள். கைகுலுக்க முயல வேண்டாம், பெண்கள் எதையும் அவர்கள் கையில் நேரடியாகக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நாள் தேர்வில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். முழுநிலா நாள்கள் இலங்கையில் பொது விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கப்படுவதில்லை, தலங்களில் கூட்டம் மிகும். அவற்றுள் சூன் மாதத்துப் பொசன் மிகிந்தலைக்கே உரிய நாள். மலை முழுவதும் வெள்ளாடை அணிந்த மக்கள், சாலையோரம் எங்கும் தன்சல எனப்படும் இலவச அன்னதானப் பந்தல்கள், அனுராதபுரத்திலிருந்து சிறப்பு ரயில்கள். ஒருமுறை காணத் தக்க காட்சிதான் என்றாலும், மூத்தவர்களுடன் அன்று போக வேண்டாம்; ஆராதனைக் கல்லின் வரிசை மணிக்கணக்கில் நகராது.

இறங்கும்போது ஏறிய வழியிலேயே வராமல், மகாசேயாவின் பக்கமிருந்து நாக பொக்குண என்ற குளத்தின் வழியாக இறங்குங்கள். பாறையின் மேல் வழியும் மழைநீரைத் தேக்கிய அந்தக் குளத்தின் பின்சுவரில் ஐந்து தலை நாகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து வரும் நீர் கீழேயுள்ள சிங்க பொக்குணவில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிங்கத்தின் வாய்வழியே துறவியருக்குக் கிடைத்தது. உணவுக்கூடத்துக்கு மிக அருகில்தான் அந்தச் சிங்கம் இருக்கிறது, ஆகவே வாகன நிறுத்தத்தில் காத்திருக்கும் பெற்றோரையும் சில அடிகள் நடத்தி அழைத்து வந்து காட்டிவிடலாம். பகல் வெயில் ஏறுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிட்டால், மலைக்கு மேற்குப்புறத்தில் பாறைகளுக்கும் மரங்களுக்கும் நடுவேயுள்ள களுதிய பொக்குண குளத்துக்கும் வண்டியிலேயே சென்று வரலாம். அங்கே படியேற்றம் எதுவும் கிடையாது.